மேல்வீட்டுக் கட்சி, கீழ்வீட்டுக் கட்சி

பிரேக்கம்மாவுக்கு ஒரு இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கற்றுக்கொள்ள வந்தவள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பாள், இவள் பக்கத்து இருக்கையில் இருப்பாள், இவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவள் தடுமாறினால் இவள் கால் தானாக அமுங்கும். வருஷக்கணக்காக அமுங்கி அமுங்கி அந்தக் கால் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது. பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தால்கூட, பக்கத்தில் யாராவது பேச்சில் திணறினால் போதும், தரையைப் போட்டு அமுக்குவாள். வீட்டுக்காரருக்குச் சாப்பிடும்போது விக்கல் வந்தால் மேஜைக்கடியில் அவர் காலுக்கு மிதி விழும். "நான் என்ன லாரியா, என்னை ஏன்டி நிறுத்தறே?" என்பார் மனிதர். தெருவே சேர்ந்து வைத்த பெயர்தான் பிரேக்கம்மா.

அந்தத் தேர்தல் சமயத்தில் அவள் கால் ஓயவே இல்லை. காரணம் மாடியில் இருந்தது.

மாடியில் இருந்தவர் அவள் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு முறை ஜெயித்த வார்டு கவுன்சிலர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரின் நம்பர் அந்தக் காலத்தில் அவர் நாக்கு நுனியில் இருக்குமாம். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல், தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கி, அவனுக்குப் பெண்ணும் பார்த்து, அந்தப் பெண்ணைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லி விரட்டியவரும் அவர்தான். அப்படிப்பட்டவரை எதிர்த்துத்தான் இந்த முறை பிரேக்கம்மா நின்றாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். சொத்துத் தகராறா என்றுகூடச் சில புண்ணியவான்கள் விசாரித்தார்கள். நம் ஆட்களுக்கு ஒரு வீட்டில் இரண்டு கருத்து இருந்தால் நடுவில் ஒரு சொத்து இருந்தே ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். முந்தின வருஷம் ஒரு நாள், பாடத்தின் நடுவில், ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண்ணின் பிள்ளைக்குப் பின் இருக்கையில் வலிப்பு வந்துவிட்டது. பிரேக்கம்மா அவளைத் தள்ளிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். வார்டு கிளினிக்குக்குப் போனால் அங்கே பூட்டு. டாக்டர் வருவதே இல்லை, நர்ஸ் லீவு என்றார் எதிர்க்கடைக்காரர். பாலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள்.

"அண்ணி, அந்தக் கிளினிக்கை இழுத்து மூடுங்க. அதுக்கு ஆகற செலவுல பெரிய ஆஸ்பத்திரியில நம்ம வார்டுக்குன்னு ஒரு பிரிவு கேட்டு வாங்குங்க."

"பூட்டு போட்டிருந்தா பூட்டைத் திறக்கச் சொல்லு. கதவையே பேத்து எடுங்கறியே, இது என்ன நியாயம்?"

"கதவு இருக்குன்னு நம்பித்தானே ஓடினோம். இல்லாம இருந்தா நேரா பாலத்துக்கே போயிருப்போம்."

அன்றைக்கு ஆரம்பித்த வாதம். டீ ஆறியது, மறுபடி சுடவைத்தார்கள், அதுவும் ஆறியது. கடைசியில் நாத்தனார் சொன்னார்: "இவ்வளவு வேகம் இருந்தா என்னை எதிர்த்து நில்லு. ஜெயிச்சு வந்து மூடு. அதுவரைக்கும் நான் விடமாட்டேன்." எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த வார்டில் நிற்க ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கம்மா போய்க் கதவைத் தட்டியதும் மாலை போடாத குறையாக உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வீடு இரண்டு கட்சி ஆனது. தெருவில் மேல்வீட்டுக் கட்சி, கீழ்வீட்டுக் கட்சி என்றுதான் பேச்சு. ஒரே காலிங்பெல். யார் கட்சி ஆள் வந்து அழுத்தினாலும் முதலில் கதவைத் திறப்பவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, சேரவேண்டிய தளத்துக்கு அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். "யாருக்குப் போடுவீங்க?" என்று யாராவது சீண்டினால், "கண்ணை மூடிக்கிட்டு அமுக்கப்போறேன், விரல் எங்கே போகுதோ போகட்டும்" என்பார்.

இன்னொரு பழக்கமும் அந்த வீட்டில் இருந்தது. நாத்தனாருக்கு நடந்துகொண்டே பேசினால்தான் பேச்சு வரும். காலையில் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, மறுநாள் மேடையில் பேசவேண்டியதை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். கூரை மெலிசு, ஒவ்வொரு வார்த்தையும் கீழே சமையலறையில் விழும். முடிந்ததும் படிக்கட்டில் தலையை நீட்டி, "எப்படி இருந்துச்சு?" என்பார். பிரேக்கம்மாவும் கரண்டியும் கையுமாக நின்று, "முதல் பாயிண்ட் ஜோர். ரெண்டாவது சவசவன்னு இருக்கு அண்ணி" என்பாள். எதிராளியிடமே போய் மார்க் கேட்கும் கவுன்சிலரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

நாத்தனாரின் மூன்றாவது பாயிண்ட் ஒன்று பிரேக்கம்மாவைத் தின்றுகொண்டிருந்தது. 'தூரம்' என்று ஆரம்பிக்கும். "அன்னைக்கு அந்தப் பிள்ளை பிழைச்சது பெரிய ஆஸ்பத்திரியால இல்ல. கையில ஒரு கார் இருந்ததால. கார் இல்லாதவ என்ன செய்வா? பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டுப் பாலம் வரைக்கும் ஓடுவாளா?" முதல் தடவை கேட்டபோதே பிரேக்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பதில் யோசித்தாள். வண்டியில் போகும்போது யோசித்தாள், துணி உலர்த்தும்போது யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. அந்த மூன்றாவது பாயிண்டின் வாசலில் வந்து நாத்தனார் நின்றுவிடுவார். மாடியில் காலடி ஓசை நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அதே இடத்தில் நிற்பார். கீழே பிரேக்கம்மாவின் கால் தரையை அமுக்கும். சில நாள் தானாக வந்துவிடும், சில நாள் வராது. வராத நாளில் "எப்படி இருந்துச்சு?" என்று தலை நீட்டமாட்டார். ஒரு நாள் கெட்டிலைக் காட்டி, "அந்த... அதை எடு, தண்ணி கொதிக்குமே அது" என்றார். இன்னொரு நாள் பால்காரரிடம் பேசிவிட்டு வந்து, இப்போது யாரிடம் பேசினேன் என்று கேட்டார். ஊர் நம்பரையெல்லாம் நாக்கில் வைத்திருந்த மனுஷி.

பிரேக்கம்மா வீட்டுக்காரரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். எனக்கு இப்பவே கண்ணாடி எங்கே வெச்சேன்னு தெரியல" என்று சிரித்து மழுப்பினார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. அவருக்கும் தெரியும். தெரிந்தால்தான் மனிதர் இப்படிச் சிரிப்பார்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று பிரேக்கம்மா வாயைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மனசு கட்டுப்படவில்லை. இப்படி மறக்கிற ஒருவர் வார்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா? ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அது தெரியவேண்டாமா? நான் மறைக்கிறேனா, மரியாதை கொடுக்கிறேனா? வளர்த்து ஆளாக்கியவரைச் சந்தியில் நிறுத்துவதா? படுத்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் நடப்பாள். கார் பாடத்தில் ஒரு காரணமும் இல்லாமல் நடுரோட்டில் பிரேக் போட்டு, பின்னால் வந்த வேன்காரரிடம் வசவு வாங்கிக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில் கட்சிச் செயலாளர் வந்தார். எப்போதும் ரகசியம் சொல்கிற குரல் அவருக்கு. வணக்கம் சொன்னால்கூட யாரையோ கவிழ்க்கப் போவதுபோல இருக்கும்.

"அம்மா, மேல்வீட்டம்மாவுக்கு மறதியாமே. எங்க காதுக்கு வந்துச்சு."

"யார் சொன்னது?"

"யாரோ. ஞாயித்துக்கிழமை ஸ்கூல் ஹால்ல ரெண்டு பேரும் ஒரே மேடையில பேசறீங்க இல்ல? ஒரே ஒரு கேள்வி கேளுங்க போதும். போன கவுன்சில் கூட்டத்துல நீங்க என்ன தீர்மானம் கொண்டுவந்தீங்கன்னு. முழிப்பாங்க. கதை முடிஞ்சுது."

"அதைக் கேக்கறதுக்கா என்னை நிக்கவெச்சீங்க?"

"ஜெயிக்கறதுக்கு நிக்கவெச்சோம்."

"நான் கிளினிக்கைப் பத்திப் பேச நின்னவ. அதை மட்டும்தான் பேசுவேன். டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள் பிரேக்கம்மா. சொல்லிவிட்டாளே தவிர, அவர் போனபிறகு அதே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். இவள் கேட்காவிட்டால் வேறொருத்தன் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஸ்கூல் ஹாலில் நல்ல கூட்டம். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மார்போடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு மைக், நடுவில் தலைமை ஆசிரியை. முதலில் நாத்தனார் எழுந்தார். முதல் பாயிண்ட் ஜோராகப் போனது. இரண்டாவதையும் பிரேக்கம்மா சொன்னபடி திருத்தி, சுருக்கி, நறுக்கென்று சொன்னார். கைதட்டல்.

"மூணாவது..." என்றார்.

நின்றார்.

நாத்தனார் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "மூணாவது என்னன்னா..." என்றார் மறுபடி. முன்வரிசையில் ஒருவர் இருமினார். பின்வரிசையில் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, பிரேக்கம்மாவைப் பார்த்து, இப்போது கேள் என்று தலையை அசைத்தார். நாத்தனாரின் விரல்கள் மேஜை விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

பிரேக்கம்மாவின் கால் அமுங்கியது. அமுங்கியதோடு நின்றதா? எழுந்தே விட்டாள்.

"தூரம், அண்ணி" என்றாள் மைக்கில். "தூரத்தைப் பத்திச் சொல்ல வந்தீங்க."

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள், நிறுத்தத் தெரியாமல் இவளே சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை பிழைத்தது ஆஸ்பத்திரியால் இல்லை, கையில் கார் இருந்ததால். கார் இல்லாதவள் என்ன செய்வாள், இடுப்பில் பிள்ளையோடு பாலம் வரைக்கும் ஓடுவாளா? ஒரு வார்த்தை பிசகவில்லை. நாத்தனார் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உருக்கமாக இருந்திருக்காது, ஏனென்றால் அந்தக் காரை ஓட்டியவள் இவள். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

"இதுக்கு உங்க பதில்?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

பிரேக்கம்மாவிடம் ஏது பதில்? தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு என்று ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தாள். எவனோ போனில் படம் பிடித்து அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. என்ன பண்பு, அரசியல் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் மெச்சினார்கள். செயலாளர் மட்டும் ரகசியக் குரலை மறந்து கத்தினார்: "எதிராளிக்கு மேடையில எடுத்துக் கொடுத்த ஒரே வேட்பாளர் உலகத்துலயே நீங்கதாம்மா." மெச்சியவர்கள் எல்லாரும் மெச்சி முடித்ததும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்கள். "பாவம், அந்தக் கவுன்சிலரம்மா." காய்கறிக் கடையில் பாவம், பஸ் நிறுத்தத்தில் பாவம். நாத்தனார் கடைத்தெருவில் நடந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்தார்கள்.

மாடியில் காலடி ஓசை நின்றுபோனது. பேச்சுப் பயிற்சியும் இல்லை, படிக்கட்டில் தலையும் இல்லை. பிரேக்கம்மா கீழே கூண்டில் அடைத்த மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். நல்லதுதானே செய்தேன் என்று பாத்திரத்தைக் கேட்டாள். அது என்ன சொல்லும்? மாடிக்குப் போக இரண்டு படி ஏறுவாள், இறங்குவாள்.

கடைசியில் நாத்தனாரே இறங்கி வந்தார். சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? டாக்டர் சொல்லி நாலஞ்சு மாசம் ஆச்சு. இன்னும் கொஞ்ச காலம் ஓடும்னாரு. தேர்தல் முடியட்டும்னு இருந்தேன். அது என் தப்பு, முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"அண்ணி, நான் உதவியாத்தான்..."

"உதவி. நான் என்ன உன்கிட்ட கார் கத்துக்க வந்தவளா? அங்கே நின்னு தேடிக்கிட்டிருந்தேன். கெடைச்சிருக்கலாம், கெடைக்காம போயிருக்கலாம். 'மறந்துபோச்சுங்க'ன்னு நானே சொல்லிட்டு உக்காந்திருப்பேன். நீ கேள்வி கேட்டு என்னைக் கவுத்திருந்தாக்கூட உன்மேல சண்டைக்கு வந்திருப்பேன். இப்ப சண்டையும் போட முடியல. ஊரே என்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்குது."

அழுதால் அதற்கும் திட்டு விழும் என்று பிரேக்கம்மா அடக்கிக்கொண்டாள்.

"சரி, அது போகட்டும்" என்றார் நாத்தனார். "என் மூணாவது பாயிண்டை எனக்குப் பதிலா நீ சொல்லிட்டே. உன் பதிலை யார் சொல்லுவா? பதில் சொல்லாம உக்காந்தியே, அதுதான் எனக்குப் பொறுக்கல. பாவம் பாத்து விட்டுக்கொடுத்தியா?"

"இல்ல அண்ணி. சத்தியமா பதில் தெரியல."

"அப்ப இப்ப கண்டுபிடி. நான் போகமாட்டேன்."

ஆரம்பித்தார்கள். முதலில் பிரேக்கம்மா பூப்போலப் பேசினாள். "இது பேச்சா?" என்றார் நாத்தனார். இன்னொரு தடவை. "இதுக்குத்தானா நின்னே?" அதற்குமேல் பிரேக்கம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"கார் இல்லாதவ என்ன செய்வான்னு கேக்கறீங்க. கார் இல்லாதவ உங்க கிளினிக்குக்கு நடந்து வந்தா மட்டும் என்ன கெடைக்கும்? பூட்டு. அந்தப் பூட்டு தொங்கினது யார் காலத்துல? நீங்க ரெண்டு தடவை கவுன்சிலர். டாக்டர் போடச் சொல்லி மனு மேல மனு போட்டீங்க, வந்தாங்களா? இனிமேலும் வரமாட்டாங்க. அதனால கட்டடத்தைக் காப்பாத்தாதீங்க. அந்தச் செலவுல ஒரு வண்டியும் டிரைவரும் வார்டுலயே நிக்கவெக்கணும். ஓட்டறதுக்கு ஆளா இல்ல? இந்த வார்டுல பாதிப் பொம்பளைங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனாரின் முகம் வெளுத்திருந்தது. பூட்டு என்ற வார்த்தை அவருக்கு வலித்துவிட்டது.

"வண்டி ரிப்பேர் ஆனா?" என்றார் பிறகு.

"ரெண்டு வண்டி."

"நான் ஒத்துக்கல" என்று எழுந்தார். "ஆனா இது பேச்சு. இதை முச்சந்திக் கூட்டத்துல சொல்லு. பூட்டையும் சொல்லு, விடாதே. என் விஷயத்தை நானே சொல்லிக்கறேன்."

அப்படியே நடந்தது. முச்சந்தியில் நாத்தனார் கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் எழுதி வெச்சுப் பேசறேன். தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுப் போடுங்க. யாரும் பாவம் பாக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தன் பாயிண்டுகளை நெருப்பாகப் பேசினார். பிரேக்கம்மா எழுந்து, பூட்டு விஷயத்தை அவர் முகத்துக்கு நேரே கேட்டாள். முன்வரிசையில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். நாத்தனார் திரும்பி அவர்களை முறைத்த முறைப்பில் அவர்கள் வாய் மூடிக்கொண்டது. இடையில் இரண்டு இடத்தில் நாத்தனார் திணறிச் சீட்டைத் தேடியபோது பிரேக்கம்மா இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்து அழுத்தி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

பிரேக்கம்மா சொற்ப ஓட்டில் ஜெயித்தாள். ஓட்டுப் பதிவன்று இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றுதான் ஓட்டுப் போட்டார்கள். "நான் எனக்குத்தான் போட்டேன்" என்றார் நாத்தனார் வெளியே வந்ததும். "நானும் எனக்குத்தான்" என்றாள் இவள். வீட்டுக்காரர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கிளினிக் மூடப்பட்டு, வண்டிகள் வந்தன. ஒன்று நன்றாக ஓடுகிறது, இன்னொன்று அடிக்கடி படுத்துக்கொள்கிறது. நாத்தனாருக்கு மறதி கூடியது. ஆனால் கிளினிக் வாதம் மட்டும் போகவில்லை. தேர்தல் நடந்ததோ கிளினிக் மூடியதோ நினைவிருக்காது. காலையில் படி இறங்கி வருவார், ஸ்டூலை இழுப்பார், 'தூரம்' என்று ஆரம்பிப்பார். பிரேக்கம்மாவும் கவுன்சில் கூட்டத்துக்கு நேரமானாலும் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். நாத்தனாரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் பெண்ணுக்கு இது புரியவில்லை. "சும்மா 'ஆமாங்க, நீங்க சொல்றது சரி'ன்னு சொல்லிட்டுப் போங்களேன் மேடம். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"அதைச் சொல்ல நான் வேண்டாம். ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க" என்றாள் பிரேக்கம்மா.

ஒரு நாள் காலையில் நாத்தனார் இறங்கி வந்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றார். பிரேக்கம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

இத்தனை நாளில் இதை மட்டும் அவர் கேட்டதில்லை. உங்க தம்பி பெண்டாட்டி என்று சொல்லத்தான் பிரேக்கம்மா வாய் எடுத்தாள்.

"உங்களை எதிர்த்து நின்னவ" என்றாள்.

நாத்தனார் புருவத்தை நெரித்து யோசித்தார்.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்."

"நியாயமா ஜெயிச்சியா?"

"நியாயமாத்தான் அண்ணி."

"அப்ப சரி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் நாத்தனார். "உக்காரு. அந்தக் கிளினிக் விஷயத்துல நீ சொல்றது தப்பு."